சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு வீட்டு எடைப்பயிற்சிக் கருவிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரைச் சுற்றிக் காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆற்காடு பக்கத்து வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட் நான். தென்னையிலிருந்து விழுந்தவர், இருசக்கர வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர், சிறுவயதில் போலியோ வந்தவர் என்று ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே தொகுத்திருக்கிறேன். உங்கள் மருத்துவர் உங்களுக்கென்று தடை ஏதும் சொல்லியிருந்தால் அதற்கே முதலிடம்.

நாள் முழுக்கக் கையால்தானே சக்கரம் தள்ளுகிறேன்? அதற்கு மேல் எடைப்பயிற்சி எதற்கு?

சக்கரம் தள்ளும்போது பெரும்பாலும் உழைப்பது மார்புத் தசையும் தோளின் முன்பக்கமும்தான். தோள்பட்டை எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் முதுகுத் தசைகளுக்கு அதில் வேலை குறைவு. வருடக்கணக்கில் முன்பக்கம் இறுகிப் பின்பக்கம் தளர்ந்தால் தோள் முன்னால் சரிந்துவிடும். பிறகு கையைத் தூக்கும்போதெல்லாம் மூட்டுக்குள் தசைநாண் நசுங்கும். போதாததற்கு, கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாறும் ஒவ்வொரு முறையும் உடம்பின் எடை முழுவதும் அதே இரண்டு தோள்களில்தான் இறங்குகிறது.

அதனால் எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: அதை வைத்து இழுக்க முடியுமா? தள்ளும் பயிற்சி ஒரு பங்கு என்றால் இழுக்கும் பயிற்சி இரண்டு பங்கு இருக்க வேண்டும். கடைகளில் கண்ணில் படுவதெல்லாம் தள்ளவும் தூக்கவும் செய்த கருவிகள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எவ்வளவு செய்வது என்பதற்கும் அளவு இருக்கிறது. தண்டுவடம் அடிபட்ட பெரியவர்களுக்காக 2018இல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, வேலை செய்யும் ஒவ்வொரு பெரிய தசைத்தொகுதிக்கும் மூன்று சுற்று எடைப்பயிற்சி, வாரம் இரண்டு நாள் என்கிறது. அதோடு மூச்சு வாங்கும்படியான பயிற்சி 20 நிமிடம், அதுவும் வாரம் இரண்டு நாள். இதுதான் குறைந்தபட்சம். இதற்கு வீட்டில் ஒரு மூலை போதும்.

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

ரப்பர் பட்டை. எல்லோரும் தெராபேண்ட் என்று சொல்வது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், மடித்துத் தலையணைக்கடியில் வைக்கலாம், கைதவறிக் காலில் விழுந்தாலும் எலும்பு உடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இழுக்கும் பயிற்சிக்கு உட்கார்ந்த இடத்தில் இதைவிட எளிய வழி கிடையாது. டம்பெல்லின் எடை எப்போதும் தரையை நோக்கியே இழுக்கும். பட்டையோ நீங்கள் கட்டிய பக்கத்திலிருந்து இழுக்கும்.

அதிகம் விற்கும் வகையில் மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம், கருப்பு என்ற வரிசையில் பலம் கூடும். வேறு தயாரிப்புகளில் நிறத்தின் பொருள் மாறலாம், கடையிலேயே இழுத்துப் பாருங்கள். அடுத்தடுத்த பலத்தில் இரண்டு வாங்கினால் சில மாதங்களுக்குக் கவலையில்லை.

பட்டையை எங்கே கட்டுவது? வாடகை வீடு, சுவரில் கொக்கி அடிக்கவிட மாட்டார்கள்.

ஜன்னல் கம்பி போதும். நம் பக்கத்து வீடுகளில் சுவரோடு பதித்த இரும்புக் கம்பி ஜன்னல் ஒன்றாவது இருக்கும். கம்பியைக் கையால் பிடித்து உலுக்கிப் பாருங்கள். மரச்சட்டம் ஆடினாலோ செல்லரித்திருந்தாலோ வேண்டாம். கதவிடுக்கில் மாட்டும் கொக்கியும் விற்கிறது. ஆனால் அதைச் சாத்தித் தாழிட்ட கதவில், கதவு உங்களை நோக்கித் திறக்காத பக்கத்திலிருந்துதான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் யாராவது கதவைத் திறக்கும் நொடியில் கொக்கி முகத்துக்கு வரும். நிற்பவர் போல உங்களால் சட்டென்று விலக முடியாது.

குடியாத்தத்தில் ஒரு நெசவாளர் செய்திருப்பதை எல்லோருக்கும் சொல்கிறேன். ஜன்னல் கம்பியில் துரு ஏறிச் சொரசொரப்பாக இருந்ததால், பழைய லுங்கித் துணியைக் கிழித்து அந்த இடத்தில் நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் மேல் பட்டையை மாட்டியிருக்கிறார். பட்டை அறுந்துபோவது பெரும்பாலும் இப்படி உரசும் இடத்தில்தான். கம்பியில் மூன்று உயரத்தில் துணி சுற்றியிருக்கிறது: தலைக்குச் சற்று மேலே, மார்பளவில், நாற்காலியின் இருக்கையளவில். மேலேயிருந்து கீழே இழுப்பது முதுகின் இருபுறத் தசைக்கு, மார்பளவில் தன்னை நோக்கி இழுப்பது தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் தசைக்கு. இருக்கையளவில் கட்டியதில் முழங்கையை மடக்கி மேலே தூக்கினால் அது மேற்கைக்கு.

பட்டையில் கீறல் தெரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் விரித்துப் பாருங்கள். வெயில் படும் ஜன்னலிலேயே தொங்கவிட்டால் சீக்கிரம் வெடித்துவிடும். பயிற்சி முடிந்ததும் கழற்றி உள்ளே வையுங்கள்.

இழுக்கும்போது நாற்காலியே நகர்கிறது, சாய்கிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

முதலில் பிரேக்கைப் பாருங்கள். சக்கரத்தில் காற்று குறைந்தால் பிரேக் பிடிக்காது. காற்று அடித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

பிறகு, பிரேக் போடுவதற்கு முன் நாற்காலியைக் கொஞ்சம் பின்னோக்கி உருட்டுங்கள். முன்னால் இருக்கும் சிறு சக்கரங்கள் திரும்பி முன்பக்கம் நீட்டி நிற்கும். நாற்காலியின் அடித்தளம் நீண்டுவிடுவதால் முன்னால் குனியும்போது கவிழாது. பின்னால் சாயும் பயம் இருந்தால் பின்பக்கத்துத் தடுப்புச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சுவரை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொள்ளலாம். இடுப்பைத் தாமாக நிமிர்த்தி நிறுத்த முடியாதவர்கள் மார்பைச் சுற்றி அகலமான பட்டை ஒன்று கட்டிக்கொள்ள வேண்டும். மூச்சு தடைபடாத அளவுக்குத்தான் இறுக்கம்.

கைதாங்கி கழற்றக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும். மருத்துவமனைகளில் இருக்கும் மடக்கு நாற்காலிகளில் அது பெரும்பாலும் நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும், முழங்கை அதில் இடிக்கும். புதிதாக நாற்காலி வாங்குகிற நிலையில் இருந்தால் கைதாங்கி கழற்றும் வகையையே கேளுங்கள். பயிற்சிக்கு மட்டுமல்ல, கட்டிலுக்கு மாறவும் அதுதான் வசதி.

டம்பெல் எத்தனை கிலோ வாங்குவது?

பத்துப் பன்னிரண்டு முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை சிரமப்பட வேண்டும், ஆனால் கை கோணக்கூடாது. அதுதான் உங்கள் எடை. பெரும்பாலோருக்குத் தோள் பயிற்சிக்கு ஒரு கிலோவும், முழங்கையை மடக்கும் பயிற்சிக்கு இரண்டு மூன்று கிலோவும் தொடக்கத்தில் சரியாக இருக்கும். ஒரே ஜோடியை எல்லாவற்றுக்கும் பயன்படுத்த நினைத்தால் தோள்தான் அடிவாங்கும். எடைத் தட்டுகளைச் சேர்த்துக் கழற்றும் வகை சிக்கனம். ஆனால் திருகு சரியாக இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். விரல் பலம் குறைந்தவர்களுக்கு அது ஒத்துவராது.

எடை எத்தனை என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பது பெரிய விஷயம். தரையிலிருந்து குனிந்து எடுக்கும்போதுதான் நாற்காலி கவிழ்கிறது. நாற்காலியின் இருக்கை உயரத்துக்கு ஒரு ஸ்டூல் போட்டு, பக்கத்தில் வையுங்கள். மடியில் மட்டும் வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தொடையில் இரும்பு அழுத்திக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.

கடையில் வாங்க வசதியில்லை. வீட்டிலிருப்பதை வைத்தே செய்யலாமா?

தாராளமாக. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. மணல் நிரப்பினால் அதைவிடக் கனம். கெட்டியான காடாத் துணியில் இரட்டைத் தையல் போட்டு, மணலைப் பாலித்தீன் உறையில் கட்டி உள்ளே வைத்து, இரு பக்கமும் நாடா வைத்தால் மணிக்கட்டில் கட்டும் எடை தயார். சைக்கிள் டியூப்பைப் பட்டையாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது சீராக நீளாது, கையை அறுக்கும். கைப்பிடிக்குத் துணி சுற்றுவது அவசியம்.

தச்சரிடம் சொல்லி இரண்டு மரக்கட்டைகள் செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம், அடியில் வழுக்காத ரப்பர், மேலே உள்ளங்கை பதியும்படி உருட்டிய விளிம்பு. கட்டிலில் உட்கார்ந்து இரு பக்கமும் வைத்து ஊன்றி உடம்பைத் தூக்கினால், நாற்காலிக்கு மாறத் தேவையான பலம் கிடைக்கும். தோள்வலி உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

தம்பிக்குக் கழுத்தில் அடி. விரல்கள் மடங்காது. அவன் எதைப் பிடித்துப் பயிற்சி செய்வான்?

பிடிக்கவே தேவையில்லாத கருவிதான் அவருக்குக் கருவி. மணிக்கட்டில் கட்டும் வெயிட் கஃப்பில் தொடங்குங்கள். அரைக் கிலோகூட ஆரம்பத்தில் போதும். பட்டையின் முனையில் அகலமான வளையம் தைத்து அதற்குள் கையை நுழைத்துக்கொள்ளலாம். கையைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டும் கையுறைகளும் கிடைக்கின்றன, விலைதான் அதிகம். ஆம்பூர், பேரணாம்பட்டில் தோல் தைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. மெத்தென்ற தோலில், உள்பக்கம் ஸ்பாஞ்சு வைத்து, ஓரம் மடித்துத் தைத்து, ஒட்டுப்பட்டையோடு கேட்டால் செய்து தருவார்கள். தையலின் முடிச்சு தோலில் படாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். கழற்றியதும் கை சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

எந்தத் தசைக்குப் பயிற்சி என்பது அடிபட்ட இடத்தைப் பொறுத்தது. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் அளவுகளை மேலிருந்து கீழாக சி1, சி2 என்று எண்ணுவார்கள். சி5 அளவில் அடிபட்டால் முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யும், நீட்டும் தசை செய்யாது. சி6 என்றால் மணிக்கட்டை மேலே தூக்க முடியும். சி7 வேலை செய்தால்தான் முழங்கையை வலுவாக நீட்ட முடியும். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தாமாக மடங்கிச் சிறு பொருளைப் பிடிக்கும். சி6 நிலையில் இருப்பவர்களுக்குத் தம்ளரையும் கரண்டியையும் எடுக்க உதவும் ஒரே பிடி அது. வீட்டில் பாசத்தோடு உட்கார்ந்து, மணிக்கட்டைப் பின்னால் மடக்கி, விரல்களையும் சேர்த்து நீட்டி நீட்டி இழுத்துவிடுகிறார்கள். தசைநாண் தளர்ந்து அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு பின்னால் இருக்கும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும், விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு முன்னால் மடங்கியிருக்கட்டும்.

கையால் சுற்றும் சைக்கிள் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது எடைப்பயிற்சிக் கருவி அல்ல. மூச்சுக்கும் இதயத்துக்குமானது, முதல் பதிலில் சொன்ன 20 நிமிடக் கணக்குக்கு உதவும். காலால் மிதிக்க விற்கும் சிறு பெடல் கருவியையே மேசையில் வைத்து இதற்குப் பயன்படுத்தலாம். சுற்றும் அச்சு தோளுக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், தோளுக்கு மேலே போகக்கூடாது. மேசையில் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் பாய் போட்டு, மேசையோடு சேர்த்துக் கட்டுங்கள். பாதி நேரம் முன்பக்கமும் பாதி நேரம் பின்பக்கமும் சுற்றினால் தோளுக்கு நல்லது.

மகன் வெளிநாட்டிலிருந்து மல்டி ஜிம் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். வாங்கலாமா?

என் பதில் வேண்டாம் என்பதே. அவற்றில் இருக்கை நிலையாகப் பொருத்தியிருக்கும், நீங்கள் நாற்காலியிலிருந்து அதற்கு மாற வேண்டும். தண்டுவடம் அடிபட்டு நாளானவர்களுக்குக் கால் எலும்பு தேய்ந்து மெலிந்திருக்கும். மாறும்போது ஒரு சிறு சறுக்கலிலேயே தொடையெலும்பு முறியலாம், வலி தெரியாததால் முறிந்ததும் தெரியாமல் போகலாம். புண் வராமல் காக்க நாற்காலியில் போட்டிருக்கும் உங்கள் மெத்தையும் கருவியின் இருக்கையில் இருக்காது. பணம் செலவழித்தே ஆக வேண்டுமென்றால் அந்தப் பணத்தில் நல்ல மெத்தை வாங்கச் சொல்லுங்கள். எடைத் தட்டும் கம்பிவடமும் உள்ள, சுவரில் பொருத்தும் புல்லியும் நல்லது. அதற்கு முன்னால் நாற்காலியோடு போய் நிற்கலாம், மேலேயிருந்தும் கீழேயிருந்தும் இழுக்கலாம்.

பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலிக்காரர்கள் படுத்துக்கொண்டு எடை தூக்குகிறார்களே? நானும் செய்யக்கூடாதா?

செய்யலாம், தனியாக வீட்டில் வேண்டாம். போலியோவால் பாதிக்கப்பட்ட இந்திய வீரர் ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் 56 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றது இந்த விளையாட்டில்தான். அங்கே பெஞ்ச் அகலமானது, கால்களைப் பட்டையால் கட்டுவார்கள், எடையை வாங்கிக்கொள்ள ஆட்கள் நிற்பார்கள். கால் ஊன்ற முடியாதவர் குறுகலான பெஞ்சில் படுத்தால் எடை ஒரு பக்கம் சாயும்போதே உடம்பும் உருண்டுவிடும். ஆசை இருந்தால் பயிற்சியாளர் இருக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். ஆனால் அது தள்ளும் பயிற்சி என்பதையும் மறக்க வேண்டாம்.

தாத்தாவின் கர்லாக்கட்டை பரணில் இருக்கிறது. சுற்றலாமா?

பெரிய கட்டையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றும் வீச்சு, நின்றுகொண்டு இடுப்பின் பலத்தில் செய்வது. உட்கார்ந்து செய்தால் முழுச் சுமையும் தோளுக்குப் போகும். நாற்காலியின் முதுகுப்பகுதியிலும் இடிக்கும். இடுப்பைத் தாமாக நிமிர்த்தி நிறுத்த முடிந்தவர், தோள்வலி இல்லாதவர், இலேசான கட்டையைப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டலாம். மற்றவர்கள் அதைப் பரணிலேயே விட்டுவிடுவது நல்லது.

வேலூர் வெயிலில் எப்போது செய்வது? மே மாதத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே மயக்கம் வருகிறது.

உங்களுக்கு மயக்கம் வருவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. தண்டுவடம் அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது. கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்களுக்கு உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது, சூடு வெளியேற வழியில்லை. இங்கே ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். கத்திரி வெயில் நாள்களில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். கழுத்தில் ஈரத் துண்டு, முகத்திலும் கையிலும் தண்ணீர் தெளிக்க ஒரு பாட்டில், எதிரே மின்விசிறி. மின்சாரம் இல்லையென்றால் அன்று பயிற்சி வேண்டாம். மாலையில் செய்வதானால் ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இரவு எட்டு மணிக்குக்கூடச் சூடு இறங்கியிருக்காது, கவனியுங்கள்.

இரும்பு டம்பெல்லை முற்றத்திலோ மொட்டை மாடியிலோ விட்டு வைக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத தோலில் பட்டால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பயிற்சியின் நடுவே திடீரென்று தலை வெடிப்பதுபோல வலிக்கிறது, முகம் சிவந்து வியர்க்கிறது. எடை அதிகமா?

எடையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். டி6 அளவிலோ (மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது அளவு) அதற்கு மேலோ அடிபட்டவர் என்றால் இது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதன் அடையாளமாக இருக்கலாம். பயிற்சியை உடனே நிறுத்துங்கள். படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். மார்புப் பட்டை, இடுப்பு பெல்ட், கால் உறை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். மலச்சிக்கலும் புண்ணும் காரணமாகலாம். சில நிமிடங்களில் தணியாவிட்டால் 108ஐ அழையுங்கள்.

பயிற்சிக்கு உட்காரும் முன் பையைக் காலி செய்வதை வழக்கமாக்குங்கள்.

தோள் ஏற்கெனவே வலிக்கிறது. வலி போன பிறகு ஆரம்பிக்கலாமா?

முழு ஓய்வு உங்களுக்குச் சாத்தியமே இல்லை; நாளைக்கும் அந்தத் தோளால்தான் கட்டிலை விட்டு வர வேண்டும். தலைக்கு மேலே தூக்குவதையும் உடம்பை ஊன்றித் தூக்குவதையும் நிறுத்துங்கள். மஞ்சள் பட்டையை மார்பளவில் கட்டி மெல்ல இழுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புட்டத்தின் அழுத்தத்தைக் குறைக்கக் கையூன்றி எழுவதற்குப் பதிலாக, முன்னால் மேசையில் சாய்ந்து ஓரிரு நிமிடம் இருக்கலாம். இரவில் தூக்கம் கலைக்கும் வலி, கையை அறவே தூக்க முடியாத நிலை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

எனக்குப் போலியோ. இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

கருவிகள் பொருந்தும், வேகம் பொருந்தாது. சிறுவயதில் போலியோ வந்தவர்களுக்கு நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தளர்ச்சி வருவதுண்டு. மிஞ்சிய நரம்புகள் இத்தனை காலம் இரட்டை வேலை பார்த்துக் களைத்திருக்கின்றன. மறுநாளும் சோர்வு தீரவில்லை என்றால் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் எடையைத் தொடவே வேண்டாம்.

பிறவியிலேயே முதுகெலும்புக் குறைபாடு உள்ள குழந்தைக்கு ரப்பர் பட்டை தரலாமா?

லேடெக்ஸ் இல்லாத பட்டை என்று கேட்டு வாங்குங்கள். சிறுவயதிலிருந்து பல அறுவைச் சிகிச்சைகள் ஆன இந்தக் குழந்தைகளுக்கு இயற்கை ரப்பரால் ஒவ்வாமை வருவது அதிகம். சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். பலூனுக்கும் இதே எச்சரிக்கை.

எங்கே போய்க் கேட்பது? அரசு உதவி உண்டா?

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் உருவான சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மறுவாழ்வு மையம் வேலூர் பாகாயத்தில்தான் இருக்கிறது. கருவி வாங்குவதற்கு முன் இப்படியொரு மறுவாழ்வு மையத்தில் ஒருமுறை தசைபலத்தைச் சோதித்து எழுதி வாங்கிக்கொண்டால், காசு வீணாகாது.

சக்கர நாற்காலி, மெத்தை போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். தனித்துவ அடையாள அட்டை கையில் இருக்கட்டும். பழைய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிந்துவிட்டதால் அலையாமல் இருக்க இதைப் பாருங்கள்: ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூருக்கும், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்துக்காரர்கள் ராணிப்பேட்டைக்கும் போக வேண்டும். காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, அணைக்கட்டு வேலூரிலேயே இருக்கின்றன. டம்பெல், பட்டை போன்றவற்றை உங்கள் கைக்காசில் வாங்குவதாகவே திட்டமிடுங்கள்.

யாரோ பயன்படுத்திய பழைய கருவி மலிவாக வருகிறது. வாங்கலாமா?

இரும்பு எடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், துருவைத் தேய்த்து வர்ணம் அடித்தால் போதும். ரப்பர் பட்டை பழையதாக வேண்டவே வேண்டாம். புல்லி என்றால் கம்பிவடத்தின் இழை பிரிந்திருக்கிறதா என்று துணியால் உருவிப் பாருங்கள். துணி எங்காவது சிக்கினால் வடத்தை மாற்றியாக வேண்டும். பெடல் கருவியில் இறுக்கம் கூட்டும் திருகு வேலை செய்கிறதா என்று அங்கேயே, உங்கள் கையாலேயே சுற்றிப் பார்த்து வாங்குங்கள். வெயிட் கஃப்பில் ஒட்டுப்பட்டை பிடிக்கவில்லை என்றால் அதற்காக விட்டுவிட வேண்டாம், தையல்காரர் புதிதாக மாற்றித் தருவார்.